இளையோர்க்கு உடலறிவும் உறவறிவும்

உழவு, நெசவு, கணக்கு, இலக்கணம், இசை முதலிய யாவற்றையும் பிள்ளைகட்கு ஆசிரியர் வைத்துக் கற்பிக்கின்றோம். ஆயின், தம் உடலின் வளர்ச்சியை அஞ்சாது அறிதற்கும், பிறருடைய உடலை மதித்தற்கும், அன்பு கொள்ளுதற்கும், அவ்வன்பு மறுக்கப்பட்டவிடத்து மனம் பொறுத்தற்கும் கற்பிப்பார் யாவர்? இவ்வொன்று மட்டும் தானே வரும் என்று விட்டுவிடுகின்றோம். தானே வருவது வயது, அறிவன்று. அறிவு வாராதவிடத்தை அச்சமும் பொய்யும் நிரப்புகின்றன. ஆதலின், இவ்வறிவை இளையோர்க்குப் புகட்டுதற்கு நம்மிடம் உள்ள கருவிகள் யாவை, அவற்றுள் குறைவன யாவை, தமிழ் பயிலும் மாணாக்கர் இதன்கண் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். எம்மூராகிய மயிலாடும்பாறையையே எடுத்துக்கொள்கின்றேன். அகழாய்வினால் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை வேறு. இது தேனி மாவட்டத்தில், கண்டமனூர், கடமலைக்குண்டு வழியே வருசநாடு நோக்கிச் செல்லும் சாலையில், மூல வைகையின் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். கடமலை–மயிலை ஒன்றியம் என்னும் பெயரில் பாதி எம்மூர்க்கு உரியது.

1. இன்று கற்பிப்போர் யாவர்?

ஒருவரும் கற்பிக்கவில்லை என்பது பொருந்தாது. ஆசிரியர் வாய் மூடியவிடத்து வேறு பலர் வாய் திறக்கின்றனர்.

பெண்பிள்ளை பூப்பெய்தினால் தாய்மாமன் சீர் கொணர்கிறான். பச்சை ஓலைக் குடிசை எழுகிறது. மஞ்சள் நீராட்டு நடைபெறுகிறது. ஊரெங்கும் ஒலிபெருக்கி முழங்குகிறது. இத்துணை ஆரவாரத்திடையே, அக்குழந்தையை நோக்கி, "உன் உடம்பில் நிகழ்ந்தது இன்னது, இதற்கு அஞ்சற்க" என்று கூறுவார் பலவிடத்தும் இலர். தொடாதே, போகாதே, நில்லாதே என்னும் விலக்குகளே பாடமாகின்றன. எம் மலைக்கு அப்பால், மதுரை மாவட்டத்துச் சாப்டூர் வட்டாரத்தில், கூவலாபுரம் முதலிய ஐந்து ஊர்களில், மாதவிடாய் நாள்களில் பெண்டிர் தம் வீடு நீங்கி 'முட்டுத்துறை' என்னும் தனியிடத்தில் தங்கும் வழக்கம் அண்மைக் காலத்தும் இருந்தமை செய்தித்தாள்களால் அறியப்படும்.

ஆண்பிள்ளைக்கோ விழாவும் இல்லை, விலக்கும் இல்லை, சொல்லும் இல்லை. குரல் உடைவதும், உறக்கத்தில் விந்து வெளிப்படுவதும் அவ்வயதிற்கு இயற்கை என்பதை அவன் யாரிடமும் கேட்டறியான். அவனுக்கென்றே பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. "இளமையில் செய்த தவறுகளால்" நலிந்தோர்க்கு மருந்து தரும் வைத்தியர் இன்ன நாளில் இன்ன விடுதியில் தங்குவார் என்பது அவ்விளம்பரம். நோயே இல்லாதவனுக்கு நோய் உண்டென்று நம்பவைத்து, அவன் கூலிப்பணத்தைக் கவர்தலே அவ்வாணிகத்தின் முதல். இவையே அன்றிக் கைப்பேசியும் ஆசிரியனாய் அமர்ந்துவிட்டது. அது காட்டும் இழிபடங்களில் பெண் ஒரு பொருள். ஆண் ஒரு வன்முறையாளன். இருவரிடையே உரையாடல் என்பதே இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் இதனையே உறவென்று கற்பானாயின் குற்றம் அவனுடையதோ?

இன்னும் ஒன்று. தேனி மாவட்டத்துப் பெற்றோர் பலர் கேரளத்து ஏலத் தோட்டங்கட்கு வேலைக்குச் செல்கின்றனர். விடியுமுன் ஜீப்பில் ஏறி இரவில் திரும்புவோரும் உளர். பல நாள் அங்கேயே தங்குவோரும் உளர். பிள்ளைகள் பாட்டியிடத்தோ விடுதியிலோ வளர்கின்றனர். கேட்டற்குரிய வயதில் அருகில் ஆளில்லாமை எம்மனோர் பிள்ளைகட்கு நேரும் தனிக்குறை.

2. அச்சில் உள்ள கருவிகள்

இனி, கற்பித்தற்கென ஆக்கப்பட்ட நூல்களையும் திட்டங்களையும் நோக்குவாம்.

உலக அளவில், யுனெஸ்கோ நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, 2018ஆம் ஆண்டு அதனைத் திருத்திப் புதுக்கியது. அந்நூல் எட்டுப் பகுப்புடையது: உறவுகள், விழுமியமும் உரிமையும் பண்பாடும், பாலினத்தைப் புரிந்துகொள்ளல், வன்முறையும் தற்காப்பும், நல்வாழ்விற்கு வேண்டும் திறன்கள், உடலும் அதன் வளர்ச்சியும், பாலுணர்வும் பாலியல் நடத்தையும், இனப்பெருக்க நலம். ஐந்து வயது முதற்கொண்டு நான்கு வயதுப் படிகளாக இவை அமைக்கப்பட்டுள்ளன. பகுப்புகளுள் முதலில் நிற்பது உறவு என்பதும், பாலியல் நடத்தை ஏழாவதாகவே வருகின்றது என்பதும் கருதத்தக்கன. "இவர்கள் பிள்ளைகட்குப் புணர்ச்சியைக் கற்பிக்கின்றனர்" என்று கூக்குரலிடுவோர் அந்நூலின் பொருளடக்கத்தையேனும் படித்தாரல்லர்.

நம் நாட்டில், 2005ஆம் ஆண்டு நடுவண் அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எய்ட்ஸ் நோய்த் தடுப்பு அதன் முதல் நோக்கம். இந்தியாவில் அந்நோய்க் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு சென்னையில். கண்டவர் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர். ஆயினும் 2007ஆம் ஆண்டு மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அத்திட்டத்தை ஏற்க மறுத்தன. அதில் உள்ள படங்களும் சொற்களும் நம் பண்பாட்டிற்கு ஒவ்வா என்பது அவை கூறிய காரணம். 2009ஆம் ஆண்டு மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியற் கல்வி கூடாதென்றே அறிக்கை அளித்தது.

பின்னர்க் காற்று மாறிற்று. 2014ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், ஊர்தோறும் இளையோருள் சிலரையே பயிற்றி, ஒத்த வயதினர்க்கு எடுத்துரைக்கச் செய்யும் முறையை வகுத்தது. 2020ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி நலத் திட்டம், பள்ளிதோறும் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக ஈராசிரியரைத் தேர்ந்து, பதினொரு தலைப்புகளில் வாரந்தோறும் பாடம் நடத்த ஏற்பாடு செய்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சென்னை உயர்நீதிமன்றத்தினின்று சென்ற ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், பாலியற் கல்வி மேனாட்டுச் சரக்கு என்னும் எண்ணத்தைக் கண்டித்து, முழுமையான பாலியற் கல்வியை நாடெங்கும் செயற்படுத்துமாறு அரசிற்குப் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இப்பொருள் இல்லாமல் இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் தனித்தனி இயல்களாகவே உள. ஆனால் பின்னவற்றைப் படிப்போர் அறிவியற் பிரிவினர் மட்டுமே. வணிகவியல் எடுத்தவனும், இடையில் படிப்பை விட்டுத் தோட்டத்திற்குச் சென்றவனும், மணமுடிக்கப்பட்டவளும் அவற்றைக் காணார். மேலும், உறுப்புகளின் பெயரைப் பாடநூல் சொல்லும். உள்ளத்தின் கலக்கத்தைச் சொல்லாது. அப்பாடம் வரும்போது, "இதனை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிச் செல்லும் வகுப்புகளும் உண்டு என்பதை மாணாக்கர் பலரும் அறிவர்.

ஆகவே, கருவி இல்லை என்பது குறையன்று. அக்கருவியைக் கையிலெடுத்து நாணாது பேசுதற்குச் சொல்லும் ஆளும் இல்லை என்பதே குறை. சொல்லைத் தருவது மொழி பயில்வோர் கடமை. ஆளாய் நிற்பது நம் அனைவர் கடமை. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவாம்.

3. சொல்

ஒரு செய்தியை வசைச்சொல்லால் அன்றி வேறு சொல்லால் கூற இயலாத மொழி அச்செய்தியை இழிவென்றே கற்பிக்கும். நம் பிள்ளைகள் உடலுறுப்புகளின் பெயர்களை முதன்முதல் கேட்பது தெருச்சண்டையில். எனவே ஆசிரியர் ஆங்கிலச் சொல்லைத் தேடி ஒளிகின்றார். தமிழில் நற்சொல் இல்லை என்னும் மயக்கம் இதனாற் பிறந்தது. அற்றன்று. பூப்பு என்னும் சொல்லை நோக்குக: கொடி பூப்பதனோடு ஒப்பவைத்து அப்பருவத்தைப் பெயரிட்டனர் முன்னோர். 'தீட்டு' என்பதும் அதே நிகழ்ச்சிக்குப் பெயராய் வழங்குகிறது. ஒன்று மலர்ச்சியைக் கூறும். மற்றொன்று மாசினைக் கூறும். இவ்விரண்டில் எச்சொல்லைத் தாய் தன் மகளிடம் சொல்லுகின்றாளோ, அச்சொல்லே அம்மகள் தன் உடலைப் பற்றிக் கொள்ளும் முதற் கருத்தாகும். ஒரு மொழியாசிரியர் செய்யக்கூடிய சீர்திருத்தம் இதனினும் எளியது உண்டோ?

அடுத்து, பால், பாலினம் என்னும் இரு சொற்கள். இயற்கையில் உடலமைப்பால் வருவது பால். ஆண் இன்னவாறு ஒழுகவேண்டும், பெண் இன்னவாறு ஒழுகவேண்டும் என்று மக்கள் வகுத்துக்கொள்வது பாலினம். இவ்வேறுபாட்டை விளக்க எம்மூர்ப் பெயரே போதும். மயில் ஆடும் பாறை என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது யாது? பெண்ணின் சாயலுக்கு மயிலை உவமிப்பது புலவர் வழக்கு. ஆனால் பாறைமேல் தோகை விரித்து ஆடுவது ஆண்மயில். தோகை அதற்கே உரியது. ஆடி அழைப்பதும் அதுவே. பெடை எளிய நிறத்தது. நின்று நோக்கித் தேர்வது அது. ஆடலும் அழகும் பெண்மைக்கே உரியன என்பது புலவர் வகுத்தது. மயிலின் இயற்கை அதனை அறியாது. ஆண் அழலாகாது, பெண் சிரிக்கலாகாது, ஆண் சமைக்கலாகாது, பெண் தனியே செல்லலாகாது என்பனவும் இவ்வாறு வகுக்கப்பட்டவையே என்பதை ஒரு சிறுவன் மயிலைக் காட்டினால் கணத்தில் உணர்வான்.

அறிவியல் உண்மை ஒன்று ஒரு குடும்பத்தின் துன்பத்தையே மாற்றவல்லது என்பதற்கும் நம் பகுதியே சான்று. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண்சிசுக் கொலை நிகழ்ந்தமை 1980களில் வெளிப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டது. 1992ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ஆம் ஆண்டு மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்கட்கும் விரிக்கப்பட்டது. பெண்குழந்தை பெற்றவளைப் பழித்ததும், அதனைக் காரணமாக்கி மறுமணம் செய்துகொண்டதும் அக்காலத்து வழக்கு. இன்றும் அப்பழி முற்றும் ஒழிந்திலது. ஆனால் உடல் நூல் கூறுவது யாது? மாந்தர் உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள. அவற்றுள் ஓர் இணை பாலை வரையறுக்கும். தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் என்னும் ஒருவகையையே தரும். தந்தையின் விந்தணுவே எக்ஸையோ ஒய்யையோ தருவது. குழந்தை பெண்ணாதற்கும் ஆணாதற்கும் உரிய வேறுபாடு தந்தை வழியே வருகின்றது. அதனையும் அவன் விரும்பித் தருவதில்லை. பழிப்பதற்கு ஒருவரும் இல்லாதவிடத்துத் தாயைப் பழித்தனர். இப்பாடத்தை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தெளிவுறக் கற்பானாயின், தன் மனைவியை அவன் ஒருநாளும் பழிக்கமாட்டான்.

4. பெயர் சுட்டாமை

கற்பித்தலில் பெருந்தடை நாணம். "கேட்டால் என்னை என்னவென்று நினைப்பார்களோ?" என்று பிள்ளை அஞ்சுகிறது. இத்தடையை நீக்கும் முறையை நம் அகப்பொருள் இலக்கணம் கூறிவைத்திருக்கின்றது. அன்பின் ஐந்திணையில் ஒருவருடைய இயற்பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று கூறலாம். இன்னார் மகள் இன்னாள் என்று கூறலாகாது. பெயர் மறைந்தமையால் உள்ளத்தை ஒளியாது பாடினர். பாடல் ஒருவரைப் பற்றிய பழியாகாமல் யாவர்க்கும் உரிய பாடமாயிற்று.

வகுப்பறையில் இவ்விதியே வினாப்பெட்டி ஆகும். ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாத தாளில் எதனையும் கேட்கலாம் என்று அறிவித்தால், வாய் திறவாத பிள்ளைகளும் எழுதுவர். எல்லோர்க்கும் தாள் கொடுத்து எல்லோரும் ஏதேனும் எழுதச் செய்யவேண்டும். வினா இல்லாதார் ஒரு திருக்குறளை எழுதலாம். எழுதுவோர் யார் என்பது அப்போது வெளிப்படாது. ஆசிரியர் அன்றே விடை கூறாது, தாள்களைக் கொண்டுசென்று ஆராய்ந்து, அறியாதவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்து, மறுவாரம் விடை கூறுவாராக. அவ்வாறே, "ஓர் ஊரில் ஒரு பெண், அவளுக்கு வயது பதினாறு" என்று கதை கூறி, "அவள் செய்யத்தக்கது யாது?" என வினவுதலும் பெயர் சுட்டா முறையே. தன் கதையைப் பிறர் கதையாக்கிக் கேட்டற்குப் பிள்ளைகட்கு இடம் கிடைக்கும்.

5. உறவும் சட்டமும்

உடலறிவு பாதி; உறவறிவு மற்றொரு பாதி. ஒருவரையொருவர் விரும்புவாரிடை இருத்தலாகாத குற்றங்கள் பன்னிரண்டினை மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் தொகுத்துள்ளார். கொடுமை, தன்னைத்தான் வியத்தல், புறங்கூறல், வன்சொல், சோம்பல், மறதி என்பன அவற்றுட் சில. தன் குடியின் உயர்வை எண்ணுதலும் அவற்றுள் ஒன்றாக நிற்கின்றது. இப்பன்னிரண்டையும் பலகையில் எழுதி, "இவற்றுள் எது இருப்பினும் அஃது அன்பாகுமா?" என்று மாணாக்கரிடம் கேட்பின் ஒரு மணிநேரப் பாடம் தானே நடைபெறும். கைப்பேசியை வாங்கிச் சோதிப்பவனும், நண்பரோடு பேசலாகாது என்று தடுப்பவனும், "என்னை விரும்பவில்லையேல் செத்துவிடுவேன்" என்று அச்சுறுத்துபவனும் செய்வது அன்பன்று என்பதைப் பிள்ளைகள் தாமே கூறுவர்.

நம் பழைய நூல்கள் குறைவற்றன என்று யான் கூறவில்லை. அதே மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியர்க்குரிய பத்து ஒப்புமைகளுள் பிறப்பையும் குடிமையையும் முன்வைக்கின்றது. பரத்தையிற் பிரிவைத் தலைவனுக்கு ஒழுக்கமாக்கிய நூல்கள் தலைவிக்குக் கற்பை விதித்தன. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகிய ஏழு பருவங்களை உலா நூல்கள் பாடியது பெண்ணின் வளர்ச்சியை அறிதற்கன்று. வீதியில் வரும் தலைவனின் புகழைப் பெருக்குதற்கே. இக்குறைகளை மறையாது மாணாக்கர்முன் வைத்து வினவச் செய்தலும் பாடமே. சாதி கடந்து மணந்தோர் கொலையுண்ணும் நாட்டில், பிறப்பும் குடிமையும் அன்பிற்கு வேண்டுமா என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று.

உறவிற்கு அடிப்படை இசைவு. இசைவாவது அச்சமும் வற்புறுத்தலும் இன்றி, அறிந்து, மனமுவந்து உடன்படுதல். மௌனம் இசைவன்று. நேற்று இசைந்தமை இன்றைக்கு இசைவாகாது. "வேண்டா" என்பதற்கு "வேண்டா" என்பதே பொருள். அதனை நாணம் என்றும் ஊடல் என்றும் உரை கூறுதல் திரைப்படங்கள் புகுத்திய பிழையுரை.

இனிச் சட்டம். பெண்ணுக்குப் 18, ஆணுக்கு 21 வயது நிரம்புமுன் மணம் செய்வித்தலை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. செய்விப்போர்க்கு ஈராண்டு வரை கடுங்காவல் உண்டு. ஆயினும், 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் 18 வயதிற்கு முன்னரே மணமுடிக்கப்பட்டோர். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாதார் தரும் இசைவு சட்டத்தின்முன் இசைவாகாது. பத்தொன்பது வயது இளைஞனும் பதினேழு வயதுப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி ஊரை விட்டுச் சென்றால், சட்டம் அவனைக் குற்றவாளியாக நிறுத்தும். பத்தாண்டிற்குக் குறையாத சிறை அவன்முன் நிற்கும். ஒத்த பருவத்தினர் காதலைத் தண்டித்தல் இச்சட்டத்தின் நோக்கமன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஒரு வழக்கில் கூறியது உண்மையே; எனினும் சட்டத்தின் சொல் மாறவில்லை. எம் வயதினர்க்கு இது வாழ்வையே மாற்றும் செய்தி. இதனை நண்பன் கூறான், திரைப்படம் கூறாது, சிறைவாயிலில் கேட்டறிதல் காலங்கடந்த கல்வி.

6. இலக்கணமும் மூன்றாம் நிலையும்

ஆண், பெண் என்னும் இரண்டினுள் அடங்காதாரைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வகுப்பறை சிரிக்கின்றது. தொல்காப்பியர் சிரிக்கவில்லை. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்று கூறி, அதனை உயர்திணை முடிபே கொள்ளுமாறு கிளவியாக்கத்தில் விதித்தார். பன்னூற்றாண்டு பின்வந்த நன்னூலார், அவரவர் விரும்பும் பால்வழிச் சொல் முடிதலை உடன்பட்டு, அஃறிணை போல முடிதலும் உண்டென்று ஒரு வாயிலைத் திறந்துவிட்டார். மாந்தரை 'அது' என்று கூற இலக்கணம் இடந்தந்ததோ, வழக்கில் முன்னரே நிகழ்ந்த இழிவை இலக்கணம் எழுதிக்கொண்டதோ, அறிஞர் ஆராய்க. சொல்லில் நேரும் இழுக்கு வாழ்வில் நேரும் இழுக்கோடு சேர்ந்தே நடக்கும் என்பது தெளிவு.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால்சோதனையைக் காரணமாக்கி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பிறவியில் உடலமைப்பு பலவகைப்படும் என்பதைப் பள்ளியில் நாம் கற்றிருந்தால், அவரை நாடு நடத்திய முறை வேறாய் இருந்திருக்கும். இடைப்பட்ட உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகட்கு, உயிர்க்கு இடர் நேர்ந்தாலன்றிப் பால்மாற்று அறுவை செய்தலை 2019ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பையொட்டித் தமிழ்நாடு அரசு தடை செய்தது.

2021ஆம் ஆண்டு, மதுரையினின்று சென்னைக்குச் சென்ற இளம்பெண்டிர் இருவர், தாம் சேர்ந்து வாழப் பாதுகாவல் வேண்டி உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு அறிவு போதாது என்று வெளிப்படையாகக் கூறி, உளநூல் வல்லுநர் ஒருவரிடம் தாமே மாணவராய் அமர்ந்து கற்றபின் தீர்ப்புரைத்தார். ஆசிரியர் அனைவர்க்கும் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாது? அவ்வழக்கின் வழியே, இகழ்ச்சியற்ற சொற்களின் தமிழ்க் கோவை ஒன்று தொகுக்கப்பெற்று 2022ஆம் ஆண்டு அரசால் வெளியிடப்பட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு முதலியன அதன் வழியே நிலைபெற்ற சொற்கள். திருநர் மாணாக்கரைப் பள்ளியில் அரவணைத்தற்கென நடுவண் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கிய ஆசிரியர் கையேடு 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சின்னாள்களில் திரும்பப் பெறப்பட்டது. கையேட்டைத் திரும்பப் பெறலாம். சொல் மக்கள் வாயில் வழங்கிவிட்டால் திரும்பப் பெற இயலாது.

7. செவிலி

சொல் கிடைத்தது; ஆள் வேண்டும். அகப்பொருளில் 'அறத்தொடு நிற்றல்' என்பதோர் அரிய துறை. தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் குறிப்பால் உணர்த்துவாள். உண்மை இவ்வாறு படிப்படியே ஏறும். ஒவ்வொரு படியிலும் கேட்போர் சினவாது கேட்பர். கேட்டபின் அவள்பக்கம் நிற்பர். இடர்ப்பட்ட இளையோர்க்கு இன்று வேண்டுவது இவ்வேணியே. இதில் ஒரு படி முறிந்தாலும் கீழ்நிற்பவள் வீழ்வாள்.

நம் ஊர்களில் இப்படிகள் இல்லாமல் இல்லை. மருத்துவத் தொண்டு செய்வாரைச் செவிலியர் என்று தமிழர் பெயரிட்டது தற்செயலோ, அறியேன், பொருத்தமான பெயர். கிராமச் சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், தோட்டத்திற்குச் சென்ற தாய்க்கு ஈடாய் வளர்க்கும் பாட்டி ஆகிய யாவரும் செவிலியரே. இவர்க்கு எட்டாதவிடத்து, குழந்தைகட்கான 1098, மாணாக்கர்க்கான 14417, பெண்டிர்க்கான 181 என்னும் தொலைபேசி எண்கள் உள. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இவை எழுதப்படவேண்டும்.

"அறிந்தால் பிள்ளைகள் கெடுவர்" என்பார்க்கு ஒரு விடை கூறி முடிப்பல். பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய யுனெஸ்கோ, இக்கல்வி பாலியல் நடத்தையை விரைவுபடுத்துவதில்லை என்றும், சிலவிடத்துத் தாழ்த்துகின்றது என்றும் கண்டது. கெடுப்பது அறிவன்று, சுவரொட்டி வைத்தியனும், கைப்பேசியின் இழிபடமும், அஞ்சி அடங்கிய மௌனமும் கெடுப்பன. விவிலியத்தின் நடுவே உன்னதப்பாட்டையும், திருக்குறளின் ஈற்றில் காமத்துப்பால் 250 குறளையும் வைத்த பெரியோர் இளையோரைக் கெடுக்கக் கருதினாரல்லர். அன்பும் உடலும் வாழ்வின் பகுதிகள் என்று துணிந்தே வைத்தனர். காமத்துப்பாலைப் பாடத்தினின்று ஒதுக்கிச் செல்லும் வகுப்பு வள்ளுவரினும் தூயது ஆகிவிடாது.

நம் கல்லூரித் தோழர்க்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் ஏழு நாள் ஊர்களில் தங்கி வழி செப்பனிடுகின்றோம், மரம் நடுகின்றோம். அவ்வேழு நாளில் ஒரு மாலையை இதற்கெனக் கொடுப்போம். செவிலியர் ஒருவரை அழைப்போம். வினாப்பெட்டி ஒன்றை வைப்போம். பன்னிரு குற்றங்களைப் பலகையில் எழுதுவோம். மயில் ஆடும் கதையைச் சொல்வோம். 1098 என்னும் எண்ணைச் சுவரில் தீட்டுவோம். தமிழ் மாணாக்கராகிய நாம் நாணாத நற்சொற்களை எடுத்துச் செல்வோம். விலங்கியல் மாணாக்கர் உண்மையை எடுத்து வருவர். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. அச்சிட்ட ஏடும் வேண்டா. கேட்கும் பிள்ளையைச் சினவாது நோக்கும் ஒரு முகம் வேண்டும். அம்முகமாய் நிற்கும் பேறு பத்தொன்பது வயதினராகிய நமக்கும் உண்டு. நேற்று அவ்வினாக்களைக் கேட்க இயலாது நின்ற நாம், நாளை அவற்றிற்கு விடை கூறுவோராய் அறத்தொடு நிற்போமாக.